கால்கள் கேட்ட பாட்டு

1960-களின் நடுவில், ஜமைக்காவின் தலைநகரமான கிங்ஸ்டனில், பொழுது சாய்ந்ததும் தெருவில் தள்ளுவண்டிகள் உருண்டு வரும். வண்டி நிறைய ஒலிபெருக்கிப் பெட்டிகள். ஒவ்வொன்றும் துணி பீரோ உயரம். நம்மூர்க் கல்யாண வீட்டில் ரேடியோ செட்காரர் வந்து குழாய் கட்டுவதுபோல, அங்கே ஒரு திறந்த வெளியில் அந்தப் பெட்டிகளை அடுக்கிக் கம்பி இழுப்பார்கள். பாடகர் கிடையாது, வாத்தியக்காரர் கிடையாது. ஒருவர் இசைத்தட்டைப் போடுவார். இன்னொருவர் மைக்கைப் பிடித்து, வந்திருப்பவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு உசுப்பேற்றுவார். விடிய விடிய ஆட்டம் நடக்கும். பெரியவர்களுக்கு மட்டும்தான் உள்ளே இடம். வெளியே ஒளிந்து நின்று வேடிக்கை பார்த்த பொடியன்களில் ஒருவன் கிளைவ் கேம்பல். பெட்டிகளை இறக்குவதிலிருந்து ஆட்டம் சூடு பிடிப்பதுவரை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே போக அவனுக்கு இன்னும் வயது வரவில்லை. வயது வருவதற்குள் அந்த ஊரே கைவிட்டுப் போயிற்று.

1967 நவம்பரில் அவனுடைய குடும்பம் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதிக்குக் குடியேறியது. கிளைவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. வெயிலில் வளர்ந்த பையனை உறைபனி வரவேற்றது. பிராங்க்ஸ் அப்போது நல்ல நிலையில் இல்லை. ராபர்ட் மோசஸ் என்ற பெரும் அதிகாரி போட்ட திட்டப்படி, குடியிருப்புகளின் நடுவயிற்றைக் கிழித்துக்கொண்டு ஓர் அதிவேக நெடுஞ்சாலை போயிருந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டைக் காலி செய்தன. வாடகை வராத கட்டடங்களைச் சொந்தக்காரர்கள் கைகழுவினார்கள். காப்பீட்டுப் பணத்துக்காகத் தீ வைத்தவர்களும் உண்டு. தெருவுக்கு ஓர் இளைஞர் கும்பல். ஒரு கும்பலின் எல்லைக்குள் இன்னொரு கும்பலின் சட்டை தெரிந்தால் ரத்தம்தான். 1971 டிசம்பரில் சமாதானம் பேசப் போன ஓர் இளைஞனையே அடித்துக் கொன்றார்கள். அந்தச் சாவுக்குப் பிறகு கும்பல் தலைவர்கள் ஓரிடத்தில் கூடிச் சண்டை நிறுத்தம் பேசினார்கள். பையன்கள் தெரு தாண்டி நடக்க முடிந்தது. நடந்து எங்கே போவது?

கிளைவ் அதற்குள் நெடுநெடுவென்று வளர்ந்து, தோள் விரிந்து, கூடைப்பந்து மைதானத்தில் மோதுபவர்களைச் சாய்த்துக்கொண்டிருந்தான். கூட்டாளிகள் ‘ஹெர்குலிஸ்’ என்று கூப்பிட்டார்கள். அது சுருங்கி ‘ஹெர்க்’ ஆனது. முன்னால் ஒரு ‘கூல்’ சேர்த்துக்கொண்டு ‘கூல் ஹெர்க்’ ஆனான். அவனுடைய அப்பா கீத் கேம்பல் ஓர் உள்ளூர் இசைக்குழுவுக்கு ஒலி அமைப்பவர். அதற்காக ஒரு ஷூர் ஒலிபெருக்கி செட் வாங்கி வைத்திருந்தார். அதைத் தொடக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். ஆனால் அந்த செட்டிலிருந்து சத்தம் சரியாக எழும்பவில்லை. அப்பா இல்லாத நேரத்தில் மகன் கம்பிகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தான். ஒரு நாள் கட்டடமே அதிரும்படி முழங்கியது. அப்பா கையும் களவுமாகப் பிடித்தார். சத்தத்தைக் கேட்டதும் கோபம் எங்கே போயிற்றோ, மகனைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார். கிங்ஸ்டன் தெருவின் முழக்கம் பிராங்க்ஸில் ஒரு வீட்டுக்குள் வந்துவிட்டது. அதில் எதைப் போடுவது என்பதற்கான விடை வேறோர் ஊரில் தயாராகிக்கொண்டிருந்தது.

1969 நவம்பர் 20, அமெரிக்காவின் சின்சினாட்டி நகரம். பாடகர் ஜேம்ஸ் பிரௌன் தன் குழுவோடு ஒலிப்பதிவு அறையில் இருந்தார். பிரௌனின் குழுவில் வாசிப்பது லேசான காரியம் இல்லை. மேடையில் அவர் ஆடிக்கொண்டே குழுவை நடத்துவார். தோளை வெட்டினால் ஒரு மாற்றம், கையை விசிறினால் ஒரு நிறுத்தம். யாராவது பிசகினால், ஆட்டத்தை நிறுத்தாமலே விரல்களை விரித்துக் காட்டுவார். அது நாட்டிய அசைவு என்று ரசிகர்கள் நினைப்பார்கள், உண்மையில் அது அபராதத் தொகை. கிதார், பித்தளை ஊதுகுழல், ஏன் தன் குரலைக்கூட அவர் ஒரு டிரம் போலவே பயன்படுத்தினார். அந்தக் குழுவின் டிரம்மர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட். சட்டனூகா என்ற தொழில் நகரத்தில், ஆலைகளும் ரயில்களும் விடாமல் போட்ட தாளத்தைக் கேட்டு வளர்ந்தவர். எழுதிப் படிக்கும் இசைக் கல்வி எதுவும் அவருக்கு இல்லை.

அன்று ஒரு நீளமான பாட்டு பதிவானது. முடியப் போகும் கட்டத்தில் பிரௌனுக்கு என்ன தோன்றியதோ, எல்லோரையும் ஒதுங்கச் சொன்னார். டிரம்மரிடம் மட்டும், தனியாக வித்தை காட்ட வேண்டாம், போட்டுக்கொண்டிருப்பதையே போடு என்றார். மற்ற வாத்தியங்கள் அடங்கின. எட்டே வட்டம், சுமார் இருபது விநாடி, டிரம் மட்டும். வலது கை கிண்ணத் தட்டில் பொடிப் பொடியாகத் தாளம் தட்ட, இடது கை நடு டிரம்மில் காதுக்கு எட்டியும் எட்டாமலும் மெல்லிய தட்டல்களை இட்டு நிரப்ப, கால் அடித்தளம் போட்டது. பிறகு எல்லோரும் திரும்பச் சேர்ந்தார்கள், பாட்டு முடிந்தது. ‘ஃபங்கி டிரம்மர்’ என்ற பெயரில் 1970-இல் தட்டு வெளிவந்தது. பெரிய பரபரப்பு எதுவும் இல்லை. ஸ்டபிள்ஃபீல்ட் அடுத்த ஆண்டே குழுவை விட்டு விஸ்கான்சின் மாநிலத்தின் மாடிசன் நகரில் போய்த் தங்கிவிட்டார். அந்த இருபது விநாடி தன்னை எங்கெல்லாம் இழுத்துப் போகும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

அதே காலத்தில் ஜப்பானின் ஒசாகா பக்கத்தில் மட்சுஷிடா நிறுவனத்தின் பொறியாளர் சுயிச்சி ஓபாட்டா வேறொரு தலைவலியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அன்றைய ரெக்கார்டு பிளேயர்கள் பலவற்றில் மோட்டார் ஓரமாக இருக்கும். தட்டைச் சுழற்றுவது ஒரு ரப்பர் பெல்ட். பெல்ட் நாளாக ஆகத் தொய்யும், வேகம் தள்ளாடும். சுவிட்சைப் போட்டதும் தட்டு சோம்பேறித்தனமாகத்தான் எழுந்து சுற்றும். ஓபாட்டா பெல்ட்டையே தூக்கி எறிந்தார். மோட்டாரைத் தட்டுக்கு நேர் கீழே வைத்து, தட்டு நேரடியாகச் சுழலும்படி செய்தார். 1970-இல் முதல் மாதிரி வந்தது. 1972-இல் அதே நிறுவனத்தின் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 வந்தது. கனமான உடல், பிசகாத வேகம், போட்டதும் பிடிக்கும் மோட்டார். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடி அமைதியாக இசை கேட்பவர்களை மனதில் வைத்துச் செய்த கருவி அது. அதன் பலத்தை உண்மையில் சோதிக்கப் போகிறவர்கள் நாற்காலியில் உட்காராதவர்கள்.

இன்னும் ஒரு தட்டு பாக்கி. ஹாலிவுட்டில் மைக்கேல் வைனர் என்ற இசை நிறுவன அதிகாரி, ஒரே உடலில் இரண்டு தலை ஒட்டிய மனிதனைப் பற்றிய மலிவான படம் ஒன்றுக்குத் துரத்தல் காட்சிக்காக பாங்கோ இசை போட்டுக் கொடுத்தார். படம் எப்படியோ, பாட்டு கொஞ்சம் ஓடியது. உடனே கூலிக்கு வாசிக்கும் கலைஞர்களைக் கனடாவின் வான்கூவரில் திரட்டி, ‘இன்கிரெடிபிள் பாங்கோ பேண்ட்’ என்று இல்லாத குழு ஒன்றுக்குப் பெயர் வைத்து, ஒரு முழுத் தட்டை நிரப்பினார். இடத்தை அடைக்க ஒரு பழைய மெட்டும் சேர்ந்தது. ‘அப்பாச்சி’ என்ற அந்த மெட்டு, கௌபாய் படம் ஒன்றைப் பார்த்த ஆங்கிலேயர் ஜெரி லோர்டன் போட்டது. 1960-இல் பிரிட்டனில் தி ஷாடோஸ் குழு வாசித்துப் பிரபலமானது. வான்கூவர் பதிப்பில் கிங் எரிசன் பாங்கோவிலும் ஜிம் கார்டன் டிரம்மிலும் புகுந்து விளையாடினார்கள். 1973-இல் வெளியானது. கடைகளில் தூசி படிந்தது. சின்சினாட்டி டிரம், ஒசாகா மோட்டார், வான்கூவர் பாங்கோ. மூன்றுக்கும் ஒன்றையொன்று தெரியாது. மூன்றும் ஒன்று சேர வழி திறந்துவிட்டது ஒரு பள்ளிச் சிறுமியின் துணி ஆசை.

ஹெர்க்கின் தங்கை சிண்டி. பள்ளி திறக்கப் போகிறது. பிராங்க்ஸ் கடைத்தெருவில் எல்லோரும் வாங்கும் அதே துணியைப் போட அவளுக்கு விருப்பம் இல்லை. மன்ஹாட்டனின் டெலான்சி தெருவில் வேறு தினுசு கிடைக்கும். கோடை வேலையில் வந்த சம்பளம் போதவில்லை. அவர்கள் குடியிருந்த 1520, செட்ஜ்விக் அவென்யூ கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு பொது அறை இருந்தது. அதை 25 டாலருக்கு வாடகைக்கு எடுத்து விருந்து வைத்து, நுழைவுக் கட்டணம் வசூலித்தால் துணிக்குத் தேறும் என்று கணக்குப் போட்டாள். சிறு அட்டைகளில் கையால் எழுதி அழைப்பு தயாரானது. பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். இசை, அண்ணனின் பொறுப்பு. தேதி 1973 ஆகஸ்ட் 11.

அறை நிரம்பியது. ஹெர்க் முதலில் தன் ஊர்ப் பாட்டுகளைப் போட்டார். கிங்ஸ்டனில் எந்தக் கூட்டத்தையும் எழுப்பிவிடக்கூடிய தட்டுகள். பிராங்க்ஸ் பிள்ளைகள் அசையவில்லை. மானம் போகும் நிலை. சட்டென்று மாற்றி ஜேம்ஸ் பிரௌனுக்கும் அந்த வகைப் பாட்டுகளுக்கும் தாவினார். கூட்டம் எழுந்தது. நண்பர் கோக் லா ராக் மைக்கைப் பிடித்து, வந்தவர்களைப் பேர் சொல்லி விளித்தார், கிங்ஸ்டனில் செய்வார்களே அதேபோல. சிண்டிக்குத் துணி கிடைத்தது. வேறு யாராவது என்றால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஹெர்க்குக்கு ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது.

தட்டு மேசைக்குப் பின்னால் நின்று பார்த்தால் கூட்டம் முழுக்கத் தெரியும். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே சில பையன்கள் சுவரில் சாய்ந்து சிகரெட் புகைத்துக்கொண்டு நின்றார்கள். ஆடத் தெரியாதவர்கள் அல்ல. கூட்டத்திலேயே நன்றாக ஆடுகிறவர்கள். அவர்கள் எதற்கோ காத்திருந்தார்கள். பாடகர் பாடி முடித்து, ஊதுகுழல்களும் கிதாரும் ஓய்ந்து, டிரம்மும் பாங்கோவும் மட்டும் தனித்து ஒலிக்கும் அந்த இடம் வந்ததும், சிகரெட்டை எறிந்துவிட்டு நடுவில் பாய்ந்தார்கள். உடம்பில் உள்ள எல்லா மூட்டும் கழன்றதுபோல ஆடினார்கள். பத்துப் பதினைந்து விநாடியில் கிதார் திரும்ப வந்ததும், திரும்பப் போய்ச் சுவரில் சாய்ந்தார்கள்.

அந்த இடத்துக்கு ‘பிரேக்’ என்று பெயர். வண்டியை நிறுத்தும் பிரேக் இல்லை. பாட்டு உடைந்து வழி விடும் பிரேக். நம்முடைய கச்சேரியில் பாட்டு ஒதுங்கிக்கொண்டு மிருதங்கத்துக்கு இடம் விடும் தனி ஆவர்த்தனத்தை நினைத்துக்கொள்ளலாம். அங்கே வாசிப்பவர் தன் வித்வத்தைக் காட்டுவார். இங்கே டிரம்மர் எதையும் காட்டுவதில்லை, வெற்றுத் தாளத்தை விரித்து வைக்கிறார். மேலே எதுவும் இல்லாத அந்தத் தாளம், ஏறி ஆடுபவருக்காகக் காலியாக விடப்பட்ட மேடை மாதிரி. பையன்களின் உடம்பு அதைத் தெரிந்து வைத்திருந்தது. பாட்டை எழுதியவர்களுக்கும் விற்றவர்களுக்கும் தெரியாத ஒன்று, பாட்டில் எது உயிர் எது உறை என்பது, சுவரோரம் நின்ற அந்தக் கால்களுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு இந்தக் கதையிலேயே மிகப் பிடித்த இடம் இதுதான். இசைக் கலைஞன் ஒருவன் காதை மூடிக்கொண்டு கண்ணால் கேட்டான்.

பிரேக் மட்டும்தான் வேண்டும் என்றால் மீதிப் பாட்டு எதற்கு? ஹெர்க் ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை வாங்கினார். தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிள் இரண்டு, நடுவில் ஒன்றின் ஒலியிலிருந்து மற்றதுக்கு மாற்றித் தரும் மிக்சர் என்ற கருவி. ஒன்றில் பிரேக் ஓடி முடிகிற நேரத்தில் இன்னொன்றில் அதே பிரேக்கின் தொடக்கத்தில் ஊசியை வைப்பார். அது ஓடுவதற்குள் முதல் தட்டின் ஊசியைத் தூக்கிப் பழையபடி தொடக்கத்துக்கு. இப்படி மாறி மாறி. கறுப்புத் தட்டின் மேல் விளக்கொளி படும்போது பார்த்தால், வாத்தியங்கள் நெருக்கமாக ஒலிக்கும் இடமும் டிரம் மட்டும் ஒலிக்கும் இடமும் பளபளப்பில் வேறுபடும். அந்தப் பளபளப்பைக் கண்ணால் அளந்துதான் ஊசியை இறக்க வேண்டும். மயிரிழை தப்பினால் தாளம் இடறும். இந்த உத்திக்கு அவர் வைத்த பெயர் குடை ராட்டினம். பத்து விநாடிப் பிரேக் ஐந்து நிமிடம் சுற்றியது. வான்கூவரில் இடம் அடைக்கச் சேர்த்த ‘அப்பாச்சி’ பிராங்க்ஸின் தேசிய கீதமாயிற்று. எந்தப் பாட்டு என்று போட்டியாளர்கள் கண்டுபிடிக்காமலிருக்க, அப்பா சொல்லிக்கொடுத்தபடி, தட்டுகளைக் குளியல் தொட்டியில் ஊறவைத்து லேபிளை உரித்துவிட்டார் ஹெர்க். ஜமைக்காவின் பழைய தொழில் ரகசியம் அது.

பிரேக்குக்குப் பாயும் பையன்களுக்கு ‘பி-பாய்’ என்று பெயர் வைத்தவரும் ஹெர்க்தான். பத்து விநாடி கிடைத்தபோது ஒரு வெட்டு, ஒரு குதி, அவ்வளவுதான் முடியும். நிமிடக்கணக்கில் தாளம் ஓடினால் நின்றபடியே எவ்வளவு நேரம் புதிதாக எதையாவது செய்துகொண்டிருப்பது? அடுத்து வந்த பிள்ளைகள் கையைத் தரையில் ஊன்றினார்கள், காலைச் சுழற்றினார்கள், கடைசியில் முதுகிலும் தலையிலும் சுழன்றார்கள். ஆட்டம் பாட்டை நீட்டியது. நீண்ட பாட்டு ஆட்டத்தைத் தரைக்கு இறக்கியது என்பது என் கணிப்பு. அறை போதாமல் பூங்காவுக்குப் போனார்கள். மின்சாரத்துக்குத் தெருவிளக்குக் கம்பத்தின் அடியைத் திறந்து கம்பி கொடுத்தார்கள். அந்தப் பூங்காக் கூட்டத்தில் ஒருவன் ஆடவே இல்லை. ஹெர்க்கின் கைகளையே முறைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ஒரு குறை தட்டுப்பட்டது.

ஜோசஃப் சாட்லர். பார்படோஸ் தீவில் பிறந்து பிராங்க்ஸில் வளர்ந்தவன். சின்ன வயதில் அப்பாவின் அலமாரியில் இருந்த தட்டுகளைத் தொட்டதற்காக அடி வாங்கியவன். அடி வாங்கியும் தொட்டவன். தொழிற்பள்ளியில் மின்னணுவியல் படித்தான். குப்பையில் கிடந்த ரேடியோக்களைப் பிரித்து மாட்டுவான். ஹெர்க்கின் முழக்கம் அவனுக்குப் பிடித்தது. ஆனால் ஒரு தட்டிலிருந்து மறு தட்டுக்குத் தாவும்போது தாளம் சில சமயம் முட்டியது. அந்த நொடியில் ஆடுபவர்களின் கால் தடுமாறி, பிறகு மீண்டும் தாளத்தைப் பிடிப்பதை அவன் பார்த்தான். கால் தடுமாறாத ஒரு வழி இருக்க வேண்டும் என்று வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

இசைத்தட்டை ஓரத்தில் மட்டுமே பிடிக்க வேண்டும், முகத்தில் விரல் படக்கூடாது என்பது அன்றைய வேத வாக்கு. ஜோசஃப் ஓடிக்கொண்டிருக்கும் தட்டின் மேலேயே விரலை வைத்தான். ஊசியைத் தூக்காமல் தட்டையே பின்னால் சுற்றினால்? எவ்வளவு சுற்றுவது? பிரேக் தொடங்கும் இடத்தில் மெழுகு வண்ணத்தால் ஒரு கோடு போட்டான். கடிகார முள்போல அந்தக் கோட்டை எண்ணலாம். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி, பத்து விநாடிப் பிரேக்குக்கு ஐந்தரைச் சுற்று பின்னால் போனால் போதும். ஆனால் அடியில் இருந்த ரப்பர் விரிப்பு தட்டை விடாமல் பற்றியது. அம்மா தையல்காரர். கம்பளித் துணியை வட்டமாக வெட்டி, கஞ்சி போட்டு, அப்பளம்போல விறைக்கும்வரை இஸ்திரி போட்டு அடியில் வைத்தான். இப்போது தட்டு வழுக்கியது. கீழே மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும். மேலே தட்டு விரலுக்குக் கட்டுப்பட்டு நிற்கும். விரலை எடுத்ததும் பாயும். பெல்ட் இல்லாத நேரடி மோட்டாரின் அருமை இங்கேதான் தெரிந்தது. விரலின் பிடிக்கும் பின்னிழுப்புக்கும் அசராத கருவி அது. அடுத்த தட்டை முன்கூட்டிக் காதில் கேட்க ஒரு சுவிட்சையும் மிக்சரில் தானே ஒட்டினான். பிரேக்கோடு பிரேக் தையல் தெரியாமல் சேர்ந்தது. தன்னை ‘கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ்’ என்று அழைத்துக்கொண்டு 1975-இல் பூங்காவுக்குக் கிளம்பினான்.

தாளம் ஒரு பிசிறில்லாமல் ஓடியது. பாட்டுக்குப் பின் பாட்டாகப் பிரேக்குகள் கண்ணாடிபோல ஒட்டிக்கொண்டு வந்தன. ஃபிளாஷ் நிமிர்ந்து பார்த்தான். ஒருவரும் ஆடவில்லை. ஏதோ பாடம் கேட்க வந்ததுபோலக் கூட்டம் அப்படியே நின்று அவன் கைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போய் நாள்கணக்கில் அழுததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். கால்களுக்காகச் செய்த கருவி கால்களையே கட்டிப்போட்டுவிட்டது.

கண்கள் தன் கைமேல் இருக்கும்வரை உடம்புகள் அசையாது என்று அவனுக்குப் புரிந்தது. கூட்டத்தின் கவனத்தை வேறு பக்கம் திருப்ப ஒரு குரல் வேண்டும். மேசையின் மறுபக்கம் ஒரு மைக்கை வைத்து, யார் வேண்டுமானாலும் வந்து பேசலாம் என்றான். பலர் முயன்று சொதப்பினார்கள். கடைசியில் ராபர்ட் கீத் விக்கின்ஸ் என்ற இளைஞர் வந்தார். எல்லோரும் ‘கௌபாய்’ என்று கூப்பிடுவார்கள். கையைத் தூக்கச் சொன்னார், தூக்கினார்கள். இப்படியும் அப்படியும் ஆட்டச் சொன்னார், ஆட்டினார்கள். தாளத்தின் மேல் சொல்லைச் சரியாக வைக்கத் தெரிந்தவர் அவர். அவருக்குப் பின் மெல்வின் குளோவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்தார்கள். மெல்லி மெல், கிட் கிரியோல் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். வெறும் கட்டளையாகத் தொடங்கியது எதுகை பிடித்தது, பிறகு வரிவரியாக நீண்டது, பிறகு கதை சொல்லத் தொடங்கியது. ஹெர்க்கின் பக்கத்தில் கோக் லா ராக் ஏற்கெனவே போட்டிருந்த விதை, இங்கே முழுச் செடியானது. பாட்டாக இல்லாமல் தாளத்தில் ஏறி வந்த அந்தப் பேச்சுக்குத்தான் ராப் என்று பெயர்.

மொத்தக் கலைக்கும் பெயர் வந்த விதமும் கௌபாயிடமே போய் நிற்கிறது. ராணுவத்தில் சேரப் போகும் நண்பன் ஒருவனை மேடையில் சீண்ட, பட்டாளத்தார் இடம் வலம் மாற்றி நடக்கும் காலடியை மைக்கில் போலி செய்தாராம்: ஹிப், ஹாப், ஹிப், ஹாப். கூட்டத்துக்கு அது பிடித்துப்போய் ஒட்டிக்கொண்டது என்று சொல்லப்படுகிறது. ஆடும் கால்களைப் பார்த்துப் பிறந்த இசைக்கு, நடக்கும் கால்களின் ஓசையே பெயராயிற்று.

இடையில் இன்னொரு விபத்து. ஃபிளாஷின் கூட்டாளிக்குத் தியோடர் என்று ஒரு தம்பி. பன்னிரண்டு பதின்மூன்று வயது. அறையில் சத்தமாகத் தட்டு ஓட்டிக்கொண்டிருந்தபோது அம்மா கதவைத் தட்டி அதட்டினார். அவர் பேசி முடிக்கும்வரை தியோடர் ஓடும் தட்டைக் கையால் பிடித்தபடி, தன்னையறியாமல் முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டிருந்தான். ‘விக்கி விக்கி’ என்று ஊசி கீறும் ஓசை வந்தது. தாளத்தோடு கீறினால் இதுவும் வாத்தியம்தான் என்று அவனுக்கு உறைத்தது. மாதக்கணக்கில் பழகி மேடைக்குக் கொண்டுவந்தான். பிள்ளையை அதட்டிய ஓர் அம்மாவால் கிடைத்தது ‘ஸ்கிராட்ச்’.

1977 ஹெர்க்குக்குப் பொல்லாத ஆண்டு. தன்னுடைய நிகழ்ச்சி ஒன்றிலேயே சண்டையை விலக்கப் போய்க் கத்திக்குத்து வாங்கினார். அதன்பின் மெல்ல ஒதுங்கினார். அதே ஆண்டு ஜூலை 13 இரவு நியூயார்க் நகரம் ஏறக்குறைய முழுவதும் இருண்டது. கிராண்ட்மாஸ்டர் கேஸ் என்ற இளைஞர் அப்போது ஒரு பூங்காவில் தட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். தெருவிளக்குகள் அணைந்ததும், தாங்கள் கம்பத்திலிருந்து இழுத்த மின்சாரம்தான் ஊரை இருட்டாக்கிவிட்டது என்று முதலில் பயந்தார்களாம். இருட்டில் கடைகள் சூறையாடப்பட்டன. விடிந்தபோது மிக்சரும் டர்ன்டேபிளும் சொந்தமாக இல்லாத பையன்கள் பலரிடமும் அவை இருந்தன என்றும், தெருவுக்கு ஒரு புதுக் குழு முளைத்தது என்றும் அந்தத் தலைமுறைக்காரர்கள் சொல்வதுண்டு.

இத்தனைக்கும் இது எதுவும் தட்டில் பதிவாகவில்லை. தட்டிலிருந்து எடுத்துச் செய்வதை எப்படித் தட்டாகப் போடுவது? ஆடும் கூட்டம் இல்லாமல் இதை யார் கேட்பார்கள்? அப்படித்தான் எல்லோரும் நினைத்தார்கள், நியூஜெர்சியில் சிறு இசை நிறுவனம் நடத்திய சில்வியா ராபின்சனைத் தவிர. ஒரு விருந்தில் இதைக் கேட்டவர், மேடை அனுபவம் பெரிதாக இல்லாத மூன்று இளைஞர்களைத் திரட்டினார். அவர்களில் ஒருவர் பீட்சா கடையில் வேலை பார்த்தவர். அவர் பாடிய வரிகளில் பல கிராண்ட்மாஸ்டர் கேஸுடையவை. டர்ன்டேபிளுக்குப் பதிலாக வாத்தியக்காரர்களையே உட்காரவைத்து, ஷிக் குழுவின் பாட்டு ஒன்றின் தாளத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார். 1979 செப்டம்பரில் ‘ராப்பர்ஸ் டிலைட்’ வெளிவந்தது. பதினான்கு நிமிடத்துக்கும் மேல் நீளம். உலகம் முழுக்க ஓடியது. ஹெர்க்கும் ஃபிளாஷும் வானொலியில் தங்கள் கலையை வேறு யாரோ பாடக் கேட்டார்கள்.

எண்பதுகளில் சாம்ப்ளர் கருவிகள் மலிவாயின. ஒரு துண்டு ஒலியைப் பிடித்து நினைவகத்தில் வைத்து ஓயாமல் சுற்றவிடலாம். ஹெர்க் இரண்டு கையால் செய்த குடை ராட்டினத்தை ஒரு பொத்தான் செய்தது. 1986-இல் வெளியான ஒரு தொகுப்பில் பழைய ‘ஃபங்கி டிரம்மர்’ திரும்ப வந்தது. எல்லோரும் பாய்ந்து பிடித்தார்கள். ஸ்டபிள்ஃபீல்டின் அந்த இருபது விநாடி ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளின் அடியில் போய் உட்கார்ந்தது. பாட்டின் உரிமை பிரௌனின் பெயரில் இருந்ததால் டிரம்மருக்கு அதில் பங்கு இல்லை. மாடிசனில் உள்ளூர் மேடைகளில் வாசித்துக்கொண்டே வாழ்ந்தார். நோயில் விழுந்தபோது சேர்ந்த சுமார் 90,000 டாலர் மருத்துவச் செலவை, வெளியே சொல்லாமல் கட்டியவர் பாடகர் பிரின்ஸ். ஸ்டபிள்ஃபீல்ட் 2017 பிப்ரவரியில் காலமானார். தன் பெயர் போட்டிருந்தாலே போதும் என்று அவர் சொல்லிவந்ததைப் படிக்கும்போது மனம் கனக்கிறது.

செட்ஜ்விக் அவென்யூவின் கீழ்த்தள அறையிலிருந்து கிளம்பியது 1994-இல் சென்னைக்கும் வந்தது. ‘காதலன்’ படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் போட்ட ‘பேட்டை ராப்’, சென்னைத் தமிழைத் தாளத்தில் ஏற்றியது. திரையில் ஆடிய பிரபுதேவாவின் கால்களுக்கு எலும்பு உண்டா என்று தியேட்டரில் கேட்டார்கள். மலேசியாவில் ‘யோகி பி அண்ட் நட்சத்ரா’ குழு 2006-இல் ‘வல்லவன்’ தொகுப்பைக் கொண்டுவந்தது. இன்று ஊர்த் திருவிழா மேடையிலும் கல்லூரி விழாவிலும் பாட்டுக்கு நடுவே மற்றதெல்லாம் அடங்கித் தாளம் மட்டும் தனித்து ஒலித்தால், பிள்ளைகள் நடுவில் பாய்கிறார்கள்.

2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் பி-பாய்களின் அந்த ஆட்டம் ‘பிரேக்கிங்’ என்ற பெயரில் முதன்முறையாகப் போட்டியாக நடந்தது. எந்தத் தட்டு ஓடப் போகிறது என்பது ஆடுபவர்களுக்கு முன்கூட்டித் தெரியாது. தாளம் விழுந்த பிறகுதான் உடம்பு பதில் சொல்ல வேண்டும். பெண்கள் பிரிவில் ஜப்பானின் அமி தங்கம் வென்றார். மறுநாள் ஆண்கள் பிரிவில் தங்கம் வென்றவர் பி-பாய் ஃபில் விஸார்ட், ‘அப்பாச்சி’ பதிவான அதே வான்கூவர் நகரத்துக்காரர். அன்று தேதி ஆகஸ்ட் 10. விடிந்தால், சிண்டியின் விருந்துக்கு 51 வயது.